முழங்காலும் கையெழுத்தும்: பாபி ஓரின் ஆட்டவாழ்வு பற்றி ஒரு மறுபார்வை

கேள்வி

ஐஸ் ஹாக்கியின் வரலாற்றில் தலைசிறந்தவர் யார் என்ற பேச்சு கனடாவில் எங்கே எழுந்தாலும் மூன்று பெயர்கள் தவறாமல் வரும்: கார்டி ஹோ, வேய்ன் கிரெட்ஸ்கி, பாபி ஓர். ஹோ தேசிய ஹாக்கி லீக்கில் 1,767 ஆட்டங்கள் ஆடினார்; கிரெட்ஸ்கி 1,487. பாபி ஆடியவை 657. அவற்றிலும் 1975 வசந்தத்துக்குப் பிறகு ஆடியவை 36 மட்டுமே. இருபத்தேழு வயதில் அவர் உச்சம் முடிந்துவிட்டது. 1978 நவம்பரில், முப்பது வயதில், ஓய்வை அறிவித்தார். மறு ஆண்டே, வழக்கமான காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து, ஹாக்கி புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே வேளையில் அவருடைய கடன்கள் சொத்துகளை விஞ்சியிருந்தன.

இந்த ஆட்டவாழ்வு ஏன் இத்தனை சீக்கிரம் முடிந்தது, ஏன் இத்தனை வெறுங்கையோடு முடிந்தது என்பன பெரும்பாலும் தனித்தனிக் கேள்விகளாகவே கேட்கப்பட்டு வந்திருக்கின்றன. முதலாவதற்கு மருத்துவ விடை; இரண்டாவதற்குக் குற்றவியல் விடை. இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நிலவும் விளக்கங்கள்

மருத்துவ விடை எல்லோருக்கும் தெரிந்தது. இடது முழங்கால் உடைந்தது, பன்னிரண்டுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, மூட்டு மிஞ்சவில்லை. ரசிகர்களின் நினைவில் இது விதியின் கதை. குற்றவியல் விடையின் மையத்தில் இருப்பவர் ஆலன் ஈகிள்சன். டொராண்டோ வழக்கறிஞர், பாபியின் முகவர், ஆட்டக்காரர் சங்கத்தின் நிர்வாக இயக்குநர். மாசசூசெட்ஸில் உள்ள லாரன்ஸ் நகரின் ‘ஈகிள்-ட்ரிப்யூன்’ என்ற சிறு நாளிதழின் விளையாட்டுச் செய்தியாளர் ரஸ் கான்வே 1991இல் எழுதிய தொடரும், பின்னர் அதை விரித்து எழுதிய நூலும் ஈகிள்சனின் நிதி விவகாரங்களை வெளிக்கொணர்ந்தன. அதன்பின் இந்தக் கதை நம்பிக்கைத் துரோகத்தின் கதையாயிற்று. பாபியே 2013இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை ஈகிள்சனுக்கு ஒதுக்கியிருக்கிறார்.

ஸ்டீவன் பிரண்ட் 2006இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இவ்விரண்டையும் தாண்டிச் செல்ல முயன்ற நூல். பாபியின் ஒத்துழைப்பின்றி எழுதப்பட்ட அது, அவர் வளர்ந்த சிற்றூர் ஒன்டாரியோவையும் அக்கால ஹாக்கித் தொழிலின் உள்கட்டமைப்பையும் பார்வைக்குள் கொண்டுவந்தது. ஆயினும் பொதுநினைவில் விதியும் வில்லனுமே நிலைத்துவிட்டார்கள்.

இரண்டு விளக்கங்களிலும் உண்மை இருக்கிறது. இரண்டுமே தனிமனிதர்களோடு நின்றுவிடுவதுதான் குறை. ஓர் ஆட்டக்காரரின் உடலைப் பற்றியும் ஊதியத்தைப் பற்றியும் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை இரண்டும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் கதை 1966இல் தொடங்காது. பாபி இன்னும் பள்ளிச் சிறுவனாக இருந்த 1957இல் தொடங்கும்.

பதினான்கு வயதில் ஓர் ஒப்பந்தம்

ஒன்டாரியோ மாநிலத்தில், ஜார்ஜியன் விரிகுடாவின் கரையில் உள்ள சிற்றூர் பாரி சவுண்ட். 1948 மார்ச் 20 அன்று பாபி அங்கே பிறந்தார். தந்தை டக் ஓர், பக்கத்து ஊரான நோபலில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. குளிர்காலத்தில் உறைந்த செகுவின் ஆற்றின் மேல் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஒரே கும்பலாக ஆடுவார்கள். விதிமுறை கிடையாது, நடுவர் கிடையாது. பக் எனும் ரப்பர் வட்டு கிடைத்தால் அதைப் பறிகொடுக்காமல் வைத்திருப்பதுதான் ஆட்டம். பின்னாளில் தொழில்முறை அரங்குகளில் அவர் செய்ததன் விதை அங்கே இருக்கிறது.

1961இல் கனனோக்கே என்ற ஊரில் நடந்த சிறுவர் போட்டிக்குப் பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது வேறு இரு சிறுவர்களை. பார்த்துவிட்டுப் போனது பாபியை. அணியின் ஆள்தேடுநர் ரென் பிளேர் அதன்பின் பாரி சவுண்ட் வீட்டின் படியேறிக்கொண்டே இருந்தார். 1962இல், பதினான்கு வயதில், பாபி ‘சி’ படிவம் எனப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பெற்றோரும் கையெழுத்திட்டனர். பதிலுக்குக் குடும்பத்துக்குக் கிடைத்தவை கொஞ்சம் ரொக்கம், ஒரு கார், வீட்டின் வெளிச்சுவருக்குப் புதுப் பூச்சு.

அந்தப் படிவத்தின் வலிமையைப் புரிந்துகொள்ளாமல் மேலே செல்ல முடியாது. அதில் கையெழுத்திட்ட சிறுவனின் எதிர்காலத் தொழில் உரிமை முழுவதும் ஒரே அணிக்குச் சொந்தம். வேறு எந்த அணியோடும் அவன் பேச முடியாது. வளர்ந்து தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபின்னும் நிலை மாறாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமையை அணிக்கே தரும் ‘ரிசர்வ்’ விதி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருந்தது. விற்கவும் மாற்றவும் அணியால் முடியும். விலகிச் செல்ல ஆட்டக்காரரால் முடியாது. லீக்கில் அப்போது ஆறே அணிகள். ஒரு முதலாளியோடு மோதினால் ஆறு பேரோடும் மோதியதாகவே பொருள்.

இதில் ஒரு கால விபரீதம் உண்டு. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ முதன்முதலில் நடந்தது 1963இல். சிறுவர்களை நேரடியாகக் கட்டிப்போடும் பழைய முறை அதன்பின் படிப்படியாகத் தேய்ந்து அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் மறைந்தது. பாபி அதன் கடைசிக் கட்டத்தில் அகப்பட்டவர்.

1957: கலைக்கப்பட்ட சங்கம்

டெட் லிண்ட்சே டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் இடது முன்வரிசை ஆட்டக்காரர். லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்றவர். ஹோவோடும் சிட் ஏபெலோடும் சேர்ந்து லீக்கையே ஆட்டிவைத்த வரிசையைச் சேர்ந்தவர். ஓய்வூதிய நிதிக்கு ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் 900 டாலர் கட்டிவந்தார்கள். அந்தக் காலச் சம்பளத்தில் அது சிறு தொகையல்ல. அந்த நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்று லிண்ட்சே கேட்டார். முதலாளிகள் மறுத்தார்கள். பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களை அவர் நாடினார். மான்ட்ரியலின் டக் ஹார்வி போன்ற மாற்று அணியினரோடு ரகசியமாகப் பேசினார். பனிப்பரப்பில் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்திய ஆட்கள் அவர்கள். எதிரணி ஆட்டக்காரரோடு பேசுவதே இழுக்கு என்று பழக்கப்பட்டவர்கள். 1957 பிப்ரவரியில் சங்கம் அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ எல்லா ஆட்டக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

பதிலடி உடனே வந்தது. அந்தப் பருவத்தில் லிண்ட்சே எடுத்த 85 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த கணக்கு) அவர் வாழ்வின் உச்சம். அதே கோடையில் டெட்ராய்ட் மேலாளர் ஜாக் ஆடம்ஸ் அவரை லீக்கின் அடிமட்டத்தில் கிடந்த சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார். உடன் அனுப்பப்பட்டவர் இளம் கோல்கீப்பர் கிளென் ஹால். நவம்பரில் டெட்ராய்ட் ஆட்டக்காரர்கள் சங்கத்திலிருந்து விலகினார்கள். விலகியவர்களில் ஹோவும் ஒருவர். 1958 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டது. குறைந்தபட்ச ஊதியமாக 7,000 டாலரும் ஓய்வூதியத்தில் சில மேம்பாடுகளும் கிடைத்தன. சங்கம் போயிற்று. கணக்கு காட்டப்படவில்லை.

பாபியின் வரலாற்றை எழுதுவோர் இதைப் பின்னணிச் செய்தியாகக் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் இதுதான் அச்சாணி. 1957இல் ஆட்டக்காரர்கள் தாங்களே கட்டிய அமைப்பு நிலைத்திருந்தால், ஒன்பது ஆண்டுகள் கழித்து ஒரு வழக்கறிஞர் வந்து நிரப்புவதற்கான வெற்றிடம் இருந்திருக்காது.

ஒரே ஆள், பல நாற்காலிகள்

டக் ஓருக்கு மகனின் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தைத் தாமே பேசும் தைரியம் இல்லை. மேலாளர் அறைக்குள் தனியாகப் போய், நீட்டப்பட்ட தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதே அன்றைய வழக்கம். ஆட்டக்காரருக்குப் பிரதிநிதி என்ற ஒன்றையே முதலாளிகள் ஏற்றதில்லை. பாரி சவுண்ட் பக்கம் அறிமுகமாகியிருந்த ஈகிள்சனை டக் நாடினார். அப்போது அவர் ஒன்டாரியோ சட்டமன்ற உறுப்பினரும்கூட. 1966இல் பாஸ்டன் மேலாளர் ஹாப் எம்ஸின் படகில் வைத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. புது ஆட்டக்காரர் ஒருவருக்கு லீக் அதுவரை தந்திராத தொகை அது. பதினெட்டு வயதுப் பையனுக்காக ஒரு வெளியாள் பேரம் பேசி வென்றிருக்கிறார் என்ற செய்தி ஓய்வறைதோறும் பரவியது.

அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்ட் இண்டியன்ஸ் என்ற சிற்றணியில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதன் உரிமையாளர் எடி ஷோர், பாஸ்டனுக்காக ஆடிய பழைய மாவீரர். பாபிக்கு முந்தைய தலைமுறையின் மிகப் பெரிய தடுப்பாட்டக்காரர். முதலாளியான பின் ஆட்டக்காரர்களைக் கொடுமைப்படுத்தியதற்காகப் பேர்போனவர். அவரை எதிர்த்து நின்றவர்கள் ஈகிள்சனை அழைத்தார்கள். ஷோர் பின்வாங்க நேர்ந்தது. 1967இல் தேசிய ஹாக்கி லீக் ஆட்டக்காரர் சங்கம் உருவானபோது அதை நடத்தும் பொறுப்பு இயல்பாகவே ஈகிள்சனிடம் வந்தது.

இந்த வெற்றிகள் உண்மையானவை. அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1972இல் கனடாவும் சோவியத் ஒன்றியமும் மோதிய எட்டு ஆட்டத் தொடரின் கடைசி நாளில், மாஸ்கோ அரங்கில் காவலர்கள் ஈகிள்சனை இழுத்துச் செல்ல முயன்றபோது பீட்டர் மகாவ்லிச்சும் சக ஆட்டக்காரர்களும் பாய்ந்து சென்று மீட்டுவந்தார்கள். அவர்களுக்கு அவர் அப்படிப்பட்டவர்.

ஆனால் நாற்காலிகளை எண்ணிப்பார்க்க வேண்டும். அவர் சங்கத்தின் தலைமை நிர்வாகி. அதே வேளையில் அச்சங்க உறுப்பினர் பலரின் தனிப்பட்ட முகவர். சர்வதேசப் போட்டிகளின் முதன்மை அமைப்பாளர். சிகாகோ அணியின் உரிமையாளர் பில் விர்ட்ஸுக்கு நெருங்கிய நண்பர். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே தரகர் என்றால் நம் ஊரில் நாலு பேர் யோசிப்பார்கள். இங்கே அந்தத் தரகரே கல்யாண மண்டபத்தையும் நடத்தினார். ஆட்டக்காரர்களுக்கு ஒருவர் சம்பளம் மற்றவருக்குத் தெரியாது. ஊதியங்கள் வெளிப்படையானது 1990இல்தான். அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் சங்கத்தின் முன்னாள் தலைவர் எட் கார்வி 1989இல் ஈகிள்சனின் நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை அளித்த பிறகு. லிண்ட்சே கட்டிய சங்கம் கணக்கைக் கேட்கப் பிறந்தது. ஈகிள்சன் நடத்திய சங்கத்தில் நெடுங்காலம் கணக்கு திறக்கப்படவில்லை.

முழங்கால்

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்கு ஒரு நேரத்தில் அறுவர் இறங்குவார்கள்: ஒரு கோல்கீப்பர், இரு தடுப்பாட்டக்காரர்கள், மூன்று முன்வரிசையினர். பாபிக்கு முன்பும் பந்தயத்தின் வேகத்தைத் தன் விருப்பப்படி கூட்டிக் குறைத்த தடுப்பாட்டக்காரர்கள் உண்டு, ஹார்வி அப்படிப்பட்டவர். ஆனால் தன் கோலுக்குப் பின்னாலிருந்து பக்கை எடுத்து, ஐந்து எதிரிகளின் நடுவே முழு நீளமும் ஸ்கேட் செய்து சென்று கோல் அடித்துவிட்டு, எதிரணி மீண்டு வருமுன் தன் இடத்துக்குத் திரும்பி நிற்கிற ஒருவரை லீக் கண்டதில்லை. 1969–70இல் அவர் 120 புள்ளிகளோடு லீக்கின் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்தார். அந்த இடத்தைப் பிடித்த ஒரே தடுப்பாட்டக்காரர் இன்றுவரை அவர்தான். 1974–75இல் 46 கோல்களோடு இரண்டாம் முறையும் பிடித்தார். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை தொடர்ந்து எட்டு முறை அவருக்கே போயிற்று. 1970–71இல் அவர் களத்தில் இருந்தபோது தன் அணி அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்குமான கணக்கில் +124 என்ற எண் பதிவானது. அதை எவரும் தாண்டியதில்லை.

1970 மே 10 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் செயின்ட் லூயிஸுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் நாற்பதாவது நொடியில் அவர் கோல் அடித்து, காலிடறி, கைகளை விரித்தபடி காற்றில் கிடைமட்டமாகப் பறக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் பாஸ்டனுக்குக் கிடைத்த ஸ்டான்லி கோப்பை அது. பலரும் கவனிக்காத ஒன்று: அந்தப் படத்தில் கோல் கம்பத்தருகே நிற்பவர் கிளென் ஹால். லிண்ட்சேயோடு சேர்த்து 1957இல் டெட்ராய்ட் வெளியே அனுப்பிய அதே கோல்கீப்பர்.

இந்த ஆட்டமுறைக்கு உடல் கொடுத்த விலையைச் சரியாக அளக்க வேண்டும். பக்கைச் சுமந்து நடுக்களத்தில் போகிறவர்தான் எல்லோருக்கும் இலக்கு. அறிமுகப் பருவத்திலேயே முழங்காலில் அடிபட்டது. அடுத்த பருவத்தில் 46 ஆட்டங்களே ஆட முடிந்தது; இடது முழங்காலில் கத்தி வைக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. 1972இல் இரண்டாம் கோப்பையை வென்ற கையோடு மீண்டும் அறுவை. அதனால்தான் மாஸ்கோ வரை அணியோடு சென்றும் சோவியத் தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

முழங்காலின் இரு எலும்புகளுக்கிடையே பிறை வடிவில் அமைந்த குருத்தெலும்பு அதிர்ச்சியைத் தாங்குகிறது. அது கிழிந்தால் மூட்டைத் திறந்து மொத்தமாக எடுத்துவிடுவது அக்கால வழக்கம். தேவையற்ற உறுப்பு என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள். ஆனால் குருத்தெலும்பை எடுத்த மூட்டுகள் காலப்போக்கில் தேய்ந்து உருமாறுகின்றன என்று எக்ஸ்ரே ஆதாரத்தோடு பிரிட்டிஷ் மருத்துவர் ஃபேர்பேங்க் கட்டுரை எழுதியது 1948இல். பாபி பிறந்த ஆண்டு. சிறு துளை வழியே கருவியைச் செலுத்திக் கிழிந்த பகுதியை மட்டும் சீரமைக்கும் ஆர்த்ரோஸ்கோப்பி முறையை டோக்கியோவில் மசாகி வதனபே வளர்த்துவந்தார். டொராண்டோவைச் சேர்ந்த ராபர்ட் ஜாக்சன் அறுபதுகளின் நடுவில் அவரிடம் கற்றுத் திரும்பினார். அதாவது, பாபி பாஸ்டனில் அடியெடுத்து வைத்தபோது அந்த அறிவு அவருடைய சொந்த மாநிலத் தலைநகரில் இருந்தது. பரவலான வழக்கமாவதற்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

எனவே மருத்துவர்களைக் குற்றம் சாட்டுவது சரியாகாது. தங்கள் காலத்து முறைப்படியே அவர்கள் செய்தார்கள். இன்றைய சிகிச்சை அன்று இருந்தால் அவர் நாற்பது வயதுவரை ஆடியிருப்பார் என்ற வாதமும் ஊகமே. இன்றும் முழங்கால் காயம் ஆட்டவாழ்வுகளை முடிக்கிறது. நான் கேட்பது வேறு. எப்போது ஓய்வு, எப்போது களத்துக்குத் திரும்புவது என்ற முடிவு எடுக்கப்பட்டபோது, ஆட்டக்காரரின் உடலை மட்டுமே கருதிப் பேசுகிற ஒருவர் அந்த அறையில் இருந்தாரா? அணி மருத்துவர் அணியின் ஊழியர். மேலாளருக்கு அரங்கு நிறைய வேண்டும். பாபிக்கோ ஆட வேண்டும் என்ற வெறி. தம்மை யாரும் வற்புறுத்தவில்லை என்றே அவர் எப்போதும் சொல்லிவந்திருக்கிறார். அவர் சொல்லை நம்புகிறேன். இருபது வயதுக்காரரின் அந்த வெறிக்குக் கடிவாளம் போட வேண்டியவை முகவரும் சங்கமும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தன.

1976

பாபியின் ஐந்தாண்டு ஒப்பந்தம் 1976இல் முடிந்தது. 1971இல் கையெழுத்தான அதுதான் லீக்கின் முதல் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் எனப்பட்டது. இதற்கிடையே, 1972இல் தோன்றிய உலக ஹாக்கி சங்கம் என்ற போட்டி லீக், நட்சத்திர ஆட்டக்காரர் பாபி ஹல்லை அள்ளிச் சென்றிருந்தது. அதே ஆண்டு பிலடெல்பியாவில் நீதிபதி ஹிக்கின்பாதம் அளித்த தீர்ப்பு ரிசர்வ் விதியின் பிடியைத் தளர்த்தியது. பதினான்கு வயதில் கட்டுண்டவர் இருபத்தெட்டு வயதில் முதன்முறையாக உண்மையான தேர்வு ஒன்றின் முன் நின்றார்.

பாஸ்டனின் புதிய உரிமையாளர் ஜெரமி ஜேக்கப்ஸ் தரப்பு முன்வைத்தவற்றில் ஒன்று, அணியின் உரிமையில் 18.5 விழுக்காட்டுப் பங்கு. அந்தப் பங்கைப் பற்றித் தமக்குத் தெரிவிக்கப்படவே இல்லை என்பது பாபியின் நிலை. பாஸ்டனுக்குத் தம்மேல் அக்கறை இல்லை, சிகாகோவே நல்லது என்று நம்பி அங்கே கையெழுத்திட்டார். ஈகிள்சன் இந்தக் குற்றச்சாட்டை ஏற்றதில்லை. ஒன்றை மட்டும் இரு தரப்புச் சொல்லையும் சாராமல் கூற முடியும்: பாஸ்டனோடு அவர் நேரடியாகப் பேசவில்லை, எல்லாச் செய்தியும் ஒரே வாய் வழியாக வந்தது, சரிபார்க்க வேறு வழி அவருக்கு இல்லை. அந்த வாய் சிகாகோ உரிமையாளரின் நண்பருடையது.

அந்தச் செப்டம்பரில் முதல் கனடா கோப்பைப் போட்டி நடந்தது. அமைப்பாளர் ஈகிள்சன். முந்தைய பருவம் முழுவதிலும் பத்தே ஆட்டங்கள் ஆடியிருந்த பாபி, நடக்கவே சிரமப்பட்டதைச் சக ஆட்டக்காரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஏழு ஆட்டங்கள் ஆடி ஒன்பது புள்ளிகள் எடுத்துத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். நாட்டுக்காக ஆட அவருக்குக் கிடைத்த ஒரே பெரிய வாய்ப்பு அது. அதைப் பற்றி அவர் பெருமையே கொள்கிறார்; அந்தப் பெருமையைக் கேள்வி கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் எஞ்சியிருந்த முழங்காலை அந்தத் தொடரில் செலவிடலாமா என்று ஆலோசனை சொல்ல வேண்டிய முகவருக்கு, அவர் ஆடுவதால் நேரடி ஆதாயம் இருந்தது.

சிகாகோவுக்காக ஆடியவை 26 ஆட்டங்கள். 1977–78 பருவம் முழுவதும் வெளியே. ஆடாமல் சம்பளம் வாங்க மாட்டேன் என்று காசோலைகளைப் பணமாக்காமலே வைத்திருந்தார். 1978 இலையுதிர்காலத்தில் ஆறு ஆட்டங்கள் முயன்று பார்த்துவிட்டு நிறுத்தினார். 1980இல் ஈகிள்சனோடு உறவை முறித்துக்கொண்டபோதுதான் தம் பணநிலை அவருக்கு முழுதாகத் தெரிந்தது.

விளக்கங்களை எடைபோடும்போது

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை இரண்டு. முதலாவது: எந்தச் சங்கமும் எந்த நேர்மையான முகவரும் அந்த முழங்காலைக் காப்பாற்றியிருக்க முடியாது. பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். 1975 வாக்கில் மூட்டில் காக்க எதுவும் மிச்சமில்லை. ஆட்டவாழ்வு குறுகியதற்கு முழங்காலே முதற்காரணம். ஆனால் குறுகிய ஆட்டவாழ்வு வறிய வாழ்வாக வேண்டியதில்லை. அணியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த உரிமை கொண்டவராக அவர் ஓய்வு பெற்றிருக்கலாம்.

இரண்டாவது வாதம் வலிமையானது: ஈகிள்சன் இல்லாவிட்டால் பாபி உள்ளிட்ட ஆட்டக்காரர்களுக்கு 1966க்குப் பின் கிடைத்த உயர்வே கிடைத்திருக்காது. இதை மறுப்பதற்கில்லை. அந்த உயர்வுக்காக அவர்கள் ஒரே ஆளைச் சார்ந்திருக்க நேர்ந்தது ஏன் என்பதே என் கேள்வி. கணக்கைப் பார்க்கும் உரிமையை, ஒருவரோடொருவர் சம்பளம் பேசிக்கொள்ளும் உரிமையை, முதலாளிகள் 1957இல் முறித்தார்கள். பணம் பின்னர் வந்தது. அந்தப் பழக்கம் நெடுங்காலம் திரும்ப வரவில்லை.

ஈகிள்சனின் குற்றத்தைப் பற்றி எழுதுவோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றையும் இங்கே திருத்த வேண்டும். 1994இல் பாஸ்டனில் அவர்மேல் குற்றச்சாட்டுகள் பதிவாயின. 1998 ஜனவரியில் முதலில் பாஸ்டனிலும் மறுநாள் டொராண்டோவிலும் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். பத்து லட்சம் கனடிய டாலர் கட்டவும் பதினெட்டு மாதச் சிறைக்கும் தீர்ப்பானது. அவர் ஒப்புக்கொண்ட குற்றங்களில் சர்வதேசப் போட்டிகளின் வருவாயைத் திருப்பிவிட்டது முக்கியமானது. 1976 பேரம் அவற்றில் இல்லை. பாபியை ஏமாற்றியதற்காக ஈகிள்சன் சிறை சென்றார் என்று எழுதுவது கதைக்கு வசதி, உண்மை அல்ல.

லிண்ட்சே கேட்ட கணக்கு கடைசியில் நீதிமன்றத்தில்தான் திறந்தது. டொராண்டோவின் முன்னாள் தடுப்பாட்டக்காரர் கார்ல் பிரூவர் முன்னின்று தொடுத்த வழக்கில், ஓய்வூதிய நிதியின் உபரி ஆட்டக்காரர்களுக்கே உரியது என்று ஒன்டாரியோ நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. வழக்கில் பெயர் சேர்த்துக்கொண்டவர்களில் ஹோவும் இருந்தார். 1994இல் கனடா உச்ச நீதிமன்றம் லீக்கின் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்தது. முதல் கேள்விக்கும் விடைக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

1998 மார்ச்சில், தண்டனை பெற்ற பின்னும் ஈகிள்சன் ஹாக்கி புகழ்மன்றத்தில் நீடித்தபோது, அவர் இருந்தால் தாங்கள் விலகுவதாகப் பல உறுப்பினர்கள் அறிவித்தார்கள். பாபி ஓர், கார்டி ஹோ, டெட் லிண்ட்சே மூவரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஈகிள்சன் விலகினார். ஓய்வுக்குப் பின் பாபி முகவரானார். பின்னாளில் லீக்கின் நட்சத்திரமான கானர் மெக்டேவிட் பதின்வயதில் அவர் நிறுவனத்தின் வழியாகவே தொழிலுக்குள் வந்தார். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஆண்டின் சிறந்தவருக்கு அளிக்கும் விருதுக்கு 2010இல் சங்கம் லிண்ட்சேயின் பெயரைச் சூட்டியது.